தெர்மோகோல் இறக்கை நடுவில் மடிகிறது: எங்கே, எதனால் வலுவூட்டுவது?

திருச்சிப் பறவை:
வணக்கம். வீட்டிலேயே கட்டிய ரேடியோ கட்டுப்பாட்டு விமானம். இறக்கை நீளம் 1.2 மீட்டர், அகலம் 20 செ.மீ., குறுக்குவெட்டு கிளார்க் ஒய் எனப்படும் இறக்கை வடிவம். சூட்டுக்கம்பியால் தெர்மோகோலில் வெட்டியது. கடையில் கிடைக்கும் தாள் ஒரு மீட்டர் நீளம்தான் என்பதால், இரண்டு 60 செ.மீ. துண்டுகளை நடுவில் ஒட்டியிருக்கிறேன். இறக்கைத் தடிப்பின் மையத்தில் 6 மி.மீ. மரக்குச்சி ஒன்று ஓடுகிறது. மேலே முழுவதும் பிரவுன் டேப். பேட்டரியுடன் மொத்த எடை 800 கிராம்.

சாதாரணமாகப் பறக்கும்போது ஒரு குறையும் இல்லை. உயரத்திலிருந்து கீழே பாய்ந்து மேலே இழுத்தபோது இறக்கை நடுவில் மடிந்தது. மேற்பரப்பில் குறுக்காக ஒரு சுருக்கம், அதற்கு நேர்கீழே குச்சி முறிந்திருக்கிறது. அடுத்த இறக்கைக்கு 6 மி.மீ. கார்பன் குழாய் வாங்கி அதே இடத்தில் வைக்கலாம் என்று இருக்கிறேன். போதுமா? படம் இணைத்திருக்கிறேன்.

டேப்சாமி:
கார்பனுக்குக் காசைக் கொட்டாதீர்கள். கண்ணாடியிழை ஓடும் பேக்கிங் டேப் கிடைக்கிறது. இறக்கையின் அடிப்பக்கத்தில் இரண்டு பட்டை, மேலே ஒரு பட்டை ஒட்டுங்கள். என் விமானங்கள் எல்லாம் இப்படித்தான் பறக்கின்றன.

பழைய பட்டறை:
தம்பி, படத்தைப் பார்த்தேன். சுருக்கம் மேற்பரப்பில் விழுந்திருக்கிறது என்பதே பாதிப் பதில். பறக்கும்போது காற்று இறக்கையின் இரு நுனிகளையும் மேலே தூக்குகிறது, உடலின் எடை நடுவைக் கீழே இழுக்கிறது. அதனால் அடிப்பரப்பு இழுபடுகிறது, மேற்பரப்பு அமுங்குகிறது. தெர்மோகோல் இழுவிசையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அமுக்கத்தில் உடனே சுருங்கிவிடும். உங்கள் பிரவுன் டேப்பும் அமுக்கத்தில் உதவாது, நாடாவை நீளவாக்கில் தள்ளினால் அது கசங்கத்தான் செய்யும். டேப்சாமி சொல்லும் இழை நாடா அடிப்பக்கத்தில் நன்றாக வேலை செய்யும். மேலே ஒட்டுவது பெரும்பாலும் அலங்காரம்.

எவ்வளவு சுமை என்பதைக் கணக்குப் போடுவோம். மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாய்ந்து வந்து 10 மீட்டர் ஆரத்தில் மேலே வளைத்தால், இறக்கை தாங்க வேண்டியது விமான எடையைப் போல ஏறத்தாழ 5 மடங்கு. 800 கிராம் விமானம் அந்த நொடியில் 4 கிலோவாகிறது. தூக்குவிசை நீளம் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், நடுவில் வளைக்கும் திருப்புத்திறன் = சுமை × நீளம் ÷ 8. அதாவது 4 × 1.2 ÷ 8 = 0.6 கிலோ-மீட்டர். நியூட்டன்-மீட்டரில் சுமார் 5.9.

இதை எந்த ஆழத்தில் எதிர்கொள்கிறீர்கள் என்பதே கேள்வி. கிளார்க் ஒய் 11.7 சதவீதத் தடிப்பு உள்ளது. 20 செ.மீ. அகலத்துக்கு 23 மி.மீ. உங்களிடம் 23 மி.மீ. ஆழம் சும்மா கிடக்கிறது. நீங்கள் நடுவில் உள்ள 6 மி.மீ.யை மட்டும் பயன்படுத்துகிறீர்கள். மையத்தில் இழுபடவும் இல்லை, அமுங்கவும் இல்லை. வேலையே நடக்காத இடத்தில் உங்கள் குச்சி உட்கார்ந்திருக்கிறது.

குழாய் போதுமா என்றால், போதும். உள்விட்டம் 4 மி.மீ. உள்ள 6 மி.மீ. கார்பன் குழாய் இந்தச் சுமைக்கு முறியாது. ஆனால் 5 மடங்குச் சுமையில் நுனி எட்டு செ.மீ.க்கும் மேல் எழும்பும். அந்த அளவுக்கு வளையும்போது மேலே உள்ள தெர்மோகோல் மறுபடியும் சுருங்கும். குழாய் பிழைக்கும், இறக்கை பிழைக்காது.

அதே கார்பனை 3 × 1 மி.மீ. பட்டைகளாக வாங்கி, ஒன்றை மேற்பரப்பிலும் ஒன்றை அடிப்பரப்பிலும் பதியுங்கள். விறைப்பு குழாயைப் போல 14 மடங்கு. குழாய் 29 கிராம், இரண்டு பட்டைகளும் சேர்ந்து 11 கிராம். நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே போட்டுப் பாருங்கள்: பரப்பை, மையத்திலிருந்து உள்ள தூரத்தின் இருபடியால் பெருக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் பலன் நான்கு மடங்கு. தண்டவாளத்தின் குறுக்குவெட்டில் இரும்பு தலையிலும் அடியிலும் திரண்டு, இடையில் மெலிந்திருப்பது இதனால்தான்.

திருச்சிப் பறவை:
மிக்க நன்றி ஐயா. ஆனால் இங்கே கார்பன் பட்டை கடையில் இல்லை. இணையத்தில் வரவழைத்தால் அனுப்புகூலி பட்டையின் விலையைத் தாண்டுகிறது. பால்சா என்ற இலேசான மரத்துக்கும் அதே கதை. வேறு வழி இருக்கிறதா?

வல்வை விண்பட்டம்:
மூங்கில் இருக்க ஏன் தம்பி கார்பனைத் தேடுகிறீர்? எங்கள் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டப்போட்டி நடக்கும். ஆளைவிடப் பெரிய பட்டங்கள் கடற்காற்றில் விண் (பட்டத்தில் கட்டும், காற்றில் ஒலிக்கும் நாண்) கூவிக்கொண்டு நிற்கும். அவற்றின் எலும்பு மூங்கில்தான். நான் விமானத்துக்கு வந்ததே பட்டத்திலிருந்து.

சில விடயங்களைக் கவனியும். மூங்கிலை அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். அறுத்தால் நார் எங்காவது குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் முறியும். பிளந்தால் நார் நுனிவரை அறாமல் ஓடும். பலம் முழுவதும் புறத்தோலை ஒட்டிய பகுதியில்தான் இருக்கிறது. நார் அங்கேதான் நெருக்கம். உள்பக்கத்துச் சோற்றைச் சீவி எறிந்துவிட்டுத் தோலைக் காப்பாற்றும். பலரும் தலைகீழாகத் தோலைச் சீவி வழுவழுப்பாக்கிவிட்டு, மூங்கில் பலமில்லை என்று சொல்லுகிறார்கள். பச்சை மூங்கில் வேண்டாம். நன்றாக உலர்ந்ததை எடும், இல்லையென்றால் இறக்கைக்குள் இருந்தபடியே உலர்ந்து திருகிக்கொள்ளும்.

கணுவில் நார் வளைந்து போகும், அது பலவீனமான இடம். மேல்பட்டையின் கணுவும் கீழ்ப்பட்டையின் கணுவும் ஒரே இடத்தில் வராதபடி வையும். நடு இறக்கையில் கணுவே வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன்னர் பட்டையின் நடுவில் நூலைக் கட்டித் தூக்கிப் பாரும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தைச் சீவும். பட்டக்காரர் எல்லாரும் செய்வதுதான். விமானமும் ஒரு பக்கம் சாயாது.

பழைய பட்டறை:
வல்வை நண்பர் சொன்னதைக் கணக்கில் பார்த்தேன். 5 × 2 மி.மீ. மூங்கில் பட்டை மேலே ஒன்று, கீழே ஒன்று. மூங்கிலின் யங் குணகத்தை, அதாவது பொருளின் விறைப்பைக் காட்டும் எண்ணை, தாழ்வாக 15 கிகா பாஸ்கல் என்றே எடுத்துக்கொள்கிறேன். கார்பனில் எட்டில் ஒரு பங்கு. அப்படியும் இந்த மூங்கில் சோடி, நடுவில் கிடக்கும் அந்தக் கார்பன் குழாயைப் போல 5 மடங்கு விறைப்பு. எடை சுமார் 17 கிராம், குழாயோ 29. ஒவ்வொரு பட்டையிலும் வரும் விசை சுமார் 28 கிலோ. நல்ல மூங்கிலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

சரியான இடத்தில் உள்ள மூங்கில், தவறான இடத்தில் உள்ள கார்பனை எடையிலும் வெல்கிறது, விறைப்பிலும் வெல்கிறது. விலையைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

டேப்சாமி:
கணக்கு இருக்கட்டும். இறக்கையில் இரண்டு பள்ளம் கீறி, மூங்கில் சீவி, எப்பாக்சி ஊற்றி... ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இழை நாடா அரை மணி நேர வேலை. தவிர, ஐந்து மடங்குச் சுமை எல்லோருக்குமா வருகிறது? மெதுவாக வட்டமிடும் பயிற்சி விமானத்துக்கு இதெல்லாம் எதற்கு?

நீலகிரிச் சரிவு:
மெதுவாக வட்டமிடும் விமானத்துக்கு டேப்சாமி சொல்வது சரி. ஆனால் கேள்வி கேட்டவரின் விமானம் பாய்ந்து மேலே இழுக்கும்போது மடிந்திருக்கிறது. அது எவ்வளவு சுமையைச் சந்திக்கும் என்பதை விமானி தீர்மானிப்பதில்லை, வேகம் தீர்மானிக்கிறது. எந்த வேகத்துக்குக் கீழே போனால் விமானம் தூக்குவிசை இழந்து சரிகிறதோ, அதைப் போல எத்தனை மடங்கு வேகத்தில் போகிறீர்கள் என்று பாருங்கள். அதன் இருபடியே உங்கள் உச்சச் சுமை. சரியும் வேகம் வினாடிக்கு 8 மீட்டர் என்றால், 20 மீட்டரில் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தால் 6 மடங்கு வரை ஏறும். 24 மீட்டரில் 9 மடங்கு. எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) அசைவைக் குறைத்து வைத்திருப்பதும் ஒரு வகை வலுவூட்டல்தான், எடையே கூடாது.

நான் பறப்பது மலைச்சரிவில், மோட்டார் இல்லாமல். அங்கே பாறையும் புதரும் என்பதால் இ.பி.பி. (பாலிபுரொப்பிலீன்) ஃபோம்தான். வளைந்து மீளும், உடையாது. சூப்பர் குளூவுக்கும் கரையாது. ஆனால் தெர்மோகோலைவிடத் தளதளப்பு. ஸ்பார் (இறக்கை நீளத்துக்கு ஓடும் முதுகெலும்பு) இல்லாத இ.பி.பி. இறக்கை கைகுலுக்குவது போல ஆடும். உடையாத ஃபோம் என்றதும் வலுவூட்டல் வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

திருச்சிப் பறவை:
மூங்கில் கிடைத்துவிட்டது. ஏணி செய்பவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். இப்போது இரண்டு சந்தேகம். பட்டைகளை இறக்கையில் எங்கே வைப்பது? எந்தப் பசை? இங்குள்ள கடைக்காரர் செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசையைச் சிபாரிசு செய்கிறார்.

பழைய பட்டறை:
அந்தப் பசையைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அதில் உள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். பள்ளம் இருந்த இடத்தில் குகை இருக்கும். சாதாரண சூப்பர் குளூவும் அப்படியே. பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது, அதுவும் கரைக்கும். எப்பாக்சி ஒன்றும் செய்யாது. மெதுவாக இறுகும் ஆரால்டைட் வகை நல்லது, ஐந்து நிமிட வகை நேரம் தராது, வெயிலில் சீக்கிரம் இளகும். வெள்ளைப் பசை தெர்மோகோலுக்குப் பாதுகாப்பானது. ஆனால் ஆழமான பள்ளத்துக்குள் காற்றுப் போகாததால் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மேலே காகிதம் ஒட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். சூட்டுப்பசைத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம், எடை ஏறும், சூடு மிஞ்சினால் ஃபோம் உருகும்.

இடம்: இறக்கை மிகத் தடிப்பாக உள்ள இடம். கிளார்க் ஒய்யில் முன்விளிம்பிலிருந்து சுமார் 30 சதவீதம், உங்களுக்கு 6 செ.மீ. மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் ஒன்றுக்கு நேர்கீழே ஒன்று.

இனி, பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் ஒரு பகுதி. இரண்டு பட்டைகள் மட்டும் போதாது. ஒன்று அமுங்க, மற்றது இழுபட, இடையில் உள்ள பொருள் சறுக்கு விசையைத் தாங்க வேண்டும். நுனிப்பக்கம் அது சிறியது, தெர்மோகோலே தாங்கும். நடுப்பக்கம் அது உச்சம். அங்கே தெர்மோகோல் மணிகள் பிரிந்து, பட்டை ஃபோமோடு சேர்ந்து பெயர்ந்து வரும். அதனால் நடுவிலிருந்து இரு பக்கமும் 30 செ.மீ. வரை, இரண்டு பட்டைகளுக்கும் இடையே செங்குத்தாக ஒரு சுவர் வேண்டும். பால்சா கிடைக்காவிட்டால் ஐஸ்கிரீம் குச்சிகளை 19 மி.மீ. துண்டுகளாக வெட்டி நிறுத்துங்கள். நார் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். நடுவில் நெருக்கமாக, வெளியே போகப்போக இடைவெளி விட்டு. துண்டு மேல்பட்டையையும் கீழ்ப்பட்டையையும் தொட்டு ஒட்ட வேண்டும். தொடாவிட்டால் வெறும் எடை.

அப்புறம் அந்த நடு ஒட்டு. இரண்டு 60 செ.மீ. துண்டுகளும் சேரும் இடத்தில்தான் வளைவு உச்சம். மூங்கில் பட்டை அங்கே அறாமல் ஒரே துண்டாகக் கடக்க வேண்டும். நுனிப்பக்கம் கஞ்சமாக இருக்கலாம்: நடுவுக்கும் நுனிக்கும் பாதி வழியில் திருப்புத்திறன் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே பாதி வழிக்கு அப்பால் பட்டையின் அகலத்தை 5-இலிருந்து 2 மி.மீ.க்குச் சீவிக்கொண்டே போகலாம். மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் ஒரே இடத்தில் முடியக் கூடாது. விறைப்பு திடீரென்று நிற்கும் இடத்தில் இறக்கை அடுத்த முறை மடியும்.

வல்வை விண்பட்டம்:
ஒன்று சேர்த்துக்கொள்ளும். மூங்கிலின் தோல்பக்கம் வெளியே பார்க்கட்டும். தோலில் மெழுகு போல வழுவழுப்பு இருக்கும், எந்தப் பசையும் பிடியாது. உப்புத்தாளால் இலேசாக, பளபளப்புப் போகும் அளவுக்கு மட்டும் தேயும். அதற்கு மேல் தேய்த்தால் பலத்தைத் தேய்க்கிறீர்.

நீலகிரிச் சரிவு:
இதுவரை எல்லோரும் வளைவைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். முறுக்கம்? இரண்டு பட்டையும் ஒரு சுவரும் முறுக்கத்தை ஏறத்தாழத் தடுப்பதே இல்லை. இறக்கையின் நுனியைப் பிடித்து ஈரத்துணியைப் பிழிவதுபோல் திருகிப் பாருங்கள், தெரியும். ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) ஒரு பக்கம் இறங்கும்போது அது இறக்கையையே எதிர்ப்பக்கம் திருகுகிறது. வேகம் கூடினால் ஏலரான் படபடக்க ஆரம்பித்து, சில நொடிகளில் இறக்கையைக் கிழித்துவிடும். தரையில் நின்று கேட்டால் தேனீக் கூட்டம் போல ஒரு ரீங்காரம். அதைக் கேட்டதும் மோட்டாரை அணைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும்.

முறுக்கத்தைத் தாங்குவது தோல்தான், ஸ்பார் அல்ல. கண்ணாடியிழைத் துணி போடுவதாக இருந்தால், இழைகள் இறக்கை நீளத்துக்கு 45 பாகைச் சாய்வில் ஓட வேண்டும். நேராகப் போட்டால் முறுக்கத்துக்குப் பாதிப் பயன்கூட இல்லை. சதுர மீட்டருக்கு 25 கிராம் துணி போதும். எப்பாக்சியைத் தடவிய பிறகு டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி, மிஞ்சியதை எல்லாம் எடுத்துவிடுங்கள். வலு துணியில் இருக்கிறது, மிஞ்சிய ரெசின் வெறும் சுமை.

பழைய பட்டறை:
முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பெரிய விமானங்களே இதற்குச் சாட்சி. பர்ட் ரூட்டன் 1975-இல் பறக்கவிட்ட வேரிஈஸ், ஆள் ஏறும் விமானம்; அதன் இறக்கை சூட்டுக்கம்பியால் வெட்டிய ஃபோம், மேலே கண்ணாடியிழையும் எப்பாக்சியும். ஃபோம் வடிவத்தைக் கொடுத்தது, வலு தோலில் இருந்தது. வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டிய எத்தனையோ பேர் அதைப் பின்பற்றினார்கள்.

1979 ஜூன் 12 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கால்மிதியால் கடந்த காசமர் ஆல்பட்ராஸில் வேறு வழி: கார்பன் குழாய்தான் ஸ்பார், தெர்மோகோல் விலா எலும்புகள், மேலே மெல்லிய மைலார் பிளாஸ்டிக் படலம். அங்கே குழாய் சரிப்பட்டது, ஏனென்றால் அது இறக்கையின் ஆழத்துக்கு ஏற்ற பருமன் கொண்ட குழாய், வெளியிலிருந்து கம்பி இழுத்தும் கட்டியிருந்தார்கள். நம் 6 மி.மீ. குச்சியை அதோடு ஒப்பிட்டுவிட வேண்டாம்.

திருச்சிப் பறவை:
கண்ணாடியிழைத் துணியும் வரவழைக்கத்தான் வேண்டும். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் காக்கித் தாள் போதுமா?

டேப்சாமி:
போதும். இதில் எனக்கு அனுபவம் உண்டு, டேப்பைத் தவிரவும் நான் சில பொருள்களைத் தொட்டிருக்கிறேன். வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து, தாளின் மீதும் ஃபோம் மீதும் தூரிகையால் தடவி ஒட்டுங்கள். தாள் நனைந்ததும் விரியும், காயும்போது சுருங்கி இறுகும். அந்த இறுக்கம்தான் விறைப்பைத் தருகிறது. அதுவே இறக்கையைக் கோணலாக்கவும் செய்யும். அதனால் மேலும் கீழும் ஒரே நாளில் ஒட்ட வேண்டும். இன்றைக்கு மேல்பக்கம், நாளைக்குக் கீழ்ப்பக்கம் என்று விட்டால் வாழையிலை போல வளைந்துவிடும்.

சூட்டுக்கம்பியில் வெட்டியபோது மிஞ்சிய மேல், கீழ் ஓடுகளைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இறக்கை காய்வதற்கு அவைதான் படுக்கை. இடையில் பாலித்தீன் தாள் போட்டு, சமதளத்தில் வைத்து, மேலே புத்தகங்களை அடுக்குங்கள். ஒரு நாள் கழித்து வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

எடை கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இறக்கையில் வெறும் தெர்மோகோல் 60 கிராம் அளவுதான் இருக்கும். காக்கித் தாளும் காய்ந்த பசையும் இன்னும் 50 கிராமாவது சேர்க்கும். மழைத்தூறலில் பறக்காதீர்கள், ஒரு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள். எண்ணெய் வார்னிஷ் என்றால் தாளில் இடைவெளி வழியே கரைப்பான் உள்ளே இறங்கித் தெர்மோகோலை அரிக்கும். தண்ணீரில் கரையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய பட்டறை:
டேப்சாமி காகிதசாமியாகிவிட்டார். பதிவு அருமை.

தம்பி, பறப்பதற்கு முன் தரையிலேயே சோதித்துவிடுங்கள். இறக்கையைத் தலைகீழாகத் திருப்பி, உடல் உட்காரும் இடத்தை மட்டும் ஒரு கட்டையின் மேல் தாங்கவிட்டு, மணல் நிரப்பிய சிறு பைகளை நீளம் முழுக்கச் சீராக அடுக்குங்கள். மொத்தம் 4 கிலோ. நடுவில் குவித்தால் சோதனை பொய், நுனியில் குவித்தால் நல்ல இறக்கையும் முறியும். 1 கிலோவுக்கு ஒருமுறை நிறுத்தி, நுனி எவ்வளவு தாழ்கிறது என்று அளவுகோலால் குறியுங்கள். ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரே அளவு தாழ்ந்தால் நலம். திடீரென்று அதிகம் தாழ்ந்தால் உள்ளே எங்கோ ஒட்டு விடுகிறது, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

திருச்சிப் பறவை:
கட்டி முடித்துவிட்டேன். மூங்கில் பட்டை, ஐஸ்கிரீம் குச்சிச் சுவர், காக்கித் தாள். 4 கிலோ மணலில் நுனி இரண்டரை செ.மீ. தாழ்ந்தது, சுமையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்தது. ஐயாவின் கணக்கில் எவ்வளவு வர வேண்டும்?

பழைய பட்டறை:
மூங்கில் மட்டும் என்றால் 1.6 செ.மீ. மீதி, ஃபோமும் பசையும் நெகிழ்ந்து கொடுப்பதும், நுனிப்பக்கம் நீங்கள் பட்டையைச் சீவியதும். நல்ல பொருத்தம். மூலைகளைத் திருகிப் பார்த்தீர்களா?

திருச்சிப் பறவை:
பழையதோடு ஒப்பிட முடியாத அளவு இறுக்கம். ஆனால் இறக்கை எடை 155 கிராம் ஆகிவிட்டது. பழையது 110. கறுப்பு வண்ணம் அடிக்கலாமா? வானத்தில் நன்றாகத் தெரியும் என்கிறார்கள்.

நீலகிரிச் சரிவு:
கூடிய 45 கிராமுக்கு இறங்கும் வேகம் சற்றே கூடும், பயப்பட வேண்டாம். வண்ணம் மட்டும் யோசியுங்கள். தெர்மோகோல் 100 பாகை செல்சியசுக்கு முன்பே இளக ஆரம்பிக்கிறது, மெதுவாகத் தொய்வது அதற்கும் வெகு கீழே. திருச்சி மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் கறுப்பு இறக்கையை வைத்தால், மாலையில் எடுக்கும்போது அது வேறு விமானத்தின் இறக்கை. மேலே வெளிர் நிறம், அடிப்பக்கம் மட்டும் அடர்நிறப் பட்டைகள் போடுங்கள். கீழிருந்து பார்க்கும் உங்களுக்கு அதுதானே தெரிய வேண்டும்?

வல்வை விண்பட்டம்:
மூங்கிலில் இன்னொரு இலாபம் இருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும். ரிசீவரின் ஆன்டெனா அதோடு ஒட்டிக்கொண்டு போனால் தூரத்தில் தொடர்பு அறும். மூங்கிலில் அந்தக் கவலை இல்லை. அறுக்கும்போது மூச்சுக்குள் போகும் கரித்தூளும் இல்லை.

திருச்சிப் பறவை:
அப்படியானால் ஆன்டெனாவை இறக்கைக்குள்ளேயே, மூங்கிலை ஒட்டி ஓட்டலாமா?

வல்வை விண்பட்டம்:
ஓட்டலாம். ஏலரானை அசைக்கும் சர்வோ மோட்டாரின் கம்பியிலிருந்து விலக்கி ஓட்டும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையும்.